மு. க. அழகிரி: தென்மண்டலத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மு. க. அழகிரி (பிறப்பு: 30 ஜனவரி 1951) மதுரையைத் தளமாகக் கொண்டு இயங்கிய தமிழக அரசியல்வாதி. தி.மு.க. தலைவரும் முதலமைச்சருமாக இருந்த மு. கருணாநிதிக்கும் தயாளு அம்மாளுக்கும் மூத்த மகன், மு. க. ஸ்டாலினின் அண்ணன். 2009 முதல் 2014 வரை மதுரை மக்களவை உறுப்பினராகவும், 2009 முதல் 2013 வரை இந்திய அரசின் ரசாயனம், உரத்துறை அமைச்சராகவும், தி.மு.க.வின் தென்மண்டல அமைப்புச் செயலாளராகவும் பொறுப்பு வகித்தார். 2014 மார்ச்சில் கட்சியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டார்.

அவருடைய அரசியல் வாழ்வில் விளக்கம் கேட்கும் இடம் ஒன்று உண்டு. 2009இல் தென் தமிழகத்தில் அவரைக் கேட்காமல் கட்சியில் எதுவும் நடக்காது என்ற நிலை இருந்தது. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அவர் கட்சியிலேயே இல்லை. அவரை விட்டுப் பிரிந்ததால் கட்சிக்குள் பெரிய பிளவும் ஏற்படவில்லை. இவ்வளவு பெரிதாகத் தெரிந்த செல்வாக்கு எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது.

பெயரும் பட்டமும்

அழகிரி என்பது அழகர்மலையைக் குறிக்கும் பெயர். மதுரைக்கு வடக்கே அழகர்கோவிலில் கோயில் கொண்டிருக்கும் கள்ளழகரை வணங்கும் குடும்பங்களில் அழகர், அழகர்சாமி, அழகிரிசாமி என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவது இன்றும் வழக்கம். கருணாநிதி தம் மகனுக்கு இப்பெயரை வைத்ததற்கும் அழகர்மலைக்கும் தொடர்பில்லை. சுயமரியாதை இயக்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் நினைவாகவே அப்பெயரை வைத்தார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையின் தலைவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டை அழகிரி. 1949இல் காலமானார்.

‘அஞ்சாநெஞ்சன்’ என்பதும் முதலில் பட்டுக்கோட்டை அழகிரியின் பட்டம்தான். பின்னாளில் மதுரைச் சுவரொட்டிகளில் அப்பட்டம் மு. க. அழகிரியின் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. மதுரையில் 2000களின் பிற்பகுதியில் வளர்ந்த இளைஞர்களில் பலருக்கு அந்தப் பட்டத்துக்கு வேறொரு சொந்தக்காரர் இருந்தார் என்பதே தெரிந்திருக்காது.

மதுரையில் அழகிரி

1980களில் தி.மு.க.வின் நாளேடான முரசொலியின் மதுரைப் பதிப்பைக் கவனித்துக்கொள்ள அழகிரி மதுரைக்கு அனுப்பப்பட்டார். இதழ்ப் பணி என்பது வெளிக்காரணம், சகோதரர்கள் இருவரையும் வேறுவேறு ஊரில் வைப்பதே உள்நோக்கம் என்று அரசியல் நோக்கர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எப்படியாயினும், விளைவு அதுதான். சென்னையில் ஸ்டாலின் கட்சியின் இளைஞரணியை வளர்த்தார். 1996இல் சென்னை மாநகராட்சி மேயராக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அழகிரி அந்த ஆண்டுகளில் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை; சொல்லிக்கொள்ளும்படியான கட்சிப் பதவியும் இல்லை.

பதவி இல்லாமலே செல்வாக்கு வந்தது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள தி.மு.க.வின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். அக்கட்சியில் மாவட்டச் செயலாளரே மாவட்டத்தின் அதிகார மையம். வேட்பாளர் தேர்வு முதல் வட்டச் செயலாளர் நியமனம் வரை அவர் கை இல்லாமல் நடக்காது. அவருக்கு மேலே இருப்பது சென்னைத் தலைமை மட்டுமே. தலைவரின் மகன் மதுரையிலேயே குடியிருந்தால், மாவட்டச் செயலாளருக்கும் தலைமைக்கும் இடையில் தானாகவே ஒரு வாசல் உருவாகிவிடுகிறது. மனு கொடுப்பவர், சீட்டுக் கேட்பவர், வழக்கில் மாட்டியவர், மாறுதல் வேண்டும் அதிகாரி என்று எல்லோரும் அந்த வாசலுக்கு வந்தார்கள். அழகிரி வீட்டின் முன் நின்ற கூட்டம் அவருக்காக வந்த கூட்டம் என்பது உண்மை. ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் கோபாலபுரம் இருந்தது என்பதும் உண்மை.

முதல் மோதல்

2000ஆம் ஆண்டு, கட்சியினர் யாரும் அழகிரியுடன் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று தி.மு.க. தலைமை அறிவித்தது. மதுரையில் அவருடைய ஆதரவாளர்கள் வன்முறையில் இறங்கினர், பேருந்துகள் தாக்கப்பட்டன. 2001 சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் தி.மு.க. வேட்பாளர்களுக்கு எதிராக வேலை செய்தனர். அப்போது சட்டப்பேரவைத் தலைவராக இருந்த பழனிவேல் ராஜன் மதுரை மேற்குத் தொகுதியில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தோல்விக்கு அழகிரி தரப்பே காரணம் என்று கட்சிக்குள்ளேயே பேசப்பட்டது.

இந்தத் தேர்தலிலிருந்து அழகிரி தரப்பு ஒரு பாடம் கற்றுக்கொண்டது: நாம் கெடுக்க முடியும், ஆகவே நம்மை ஒதுக்க முடியாது. அப்போதைக்கு அது பலித்தது. தலைமை இறங்கிவந்தது, அழகிரி மீண்டும் ஏற்கப்பட்டார். 2014இல் அவர் எடுத்த நிலைப்பாடும் ஏறக்குறைய இதே கணக்கில் எடுத்ததுதான்.

வழக்குகள்

2003 மே 20 அன்று காலை, தி.மு.க.வின் முன்னாள் அமைச்சர் தா. கிருட்டிணன் மதுரை கே.கே. நகரில் நடைப்பயிற்சியின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அழகிரியும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். விசாரணை பின்னர் ஆந்திரத்தின் சித்தூர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2008 மே மாதம் அழகிரி உட்பட 13 பேரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இதற்கிடையே 2007 மே 9 அன்று நடந்தது மதுரை மறக்காத ஒன்று. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று கேட்டு எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பை, மாறன் குடும்பத்துக்குச் சொந்தமான தினகரன் நாளேடு வெளியிட்டது. ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, அழகிரிக்கு 2 விழுக்காடு என்றது அந்தக் கணிப்பு. அன்று காலையே மதுரையில் அழகிரி ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினர். தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்த ஊழியர்கள் மூன்று பேர் இறந்தனர். அரசியலோடு ஒட்டோ உறவோ இல்லாமல் அன்று காலை வேலைக்கு வந்தவர்கள் அவர்கள்.

வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. அழகிரி இவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்படவில்லை. 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை மாற்றி, ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் அந்தத் தீர்ப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தன.

அரசியல் களத்தில் இந்தச் சம்பவம் அழகிரியைப் பாதித்ததா என்றால், உடனடியாக இல்லை. பாதிக்கப்பட்டது மாறன் தரப்புதான். தயாநிதி மாறன் அடுத்த சில நாள்களில் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 2008 டிசம்பரில் குடும்பங்கள் சமாதானமாயின. கருத்துக்கணிப்பு சொன்ன ‘2’ என்ற எண் மட்டும் அப்படியே நின்றது. கணிப்பின் நோக்கம் குறித்து ஆயிரம் சந்தேகம் எழுப்பலாம். ஆனால் மதுரைக்கு வெளியே அழகிரிக்கு வாக்காளர் தளம் என்று ஒன்று இல்லை என்பதை அது முதன்முறையாக அச்சில் ஏற்றியது.

இடைத்தேர்தல் நிபுணர்

2006இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. மதுரை மத்தியத் தொகுதியில் வென்று அமைச்சரான பழனிவேல் ராஜன் சில நாள்களிலேயே காலமானார். அதனால் வந்த இடைத்தேர்தலில் தி.மு.க. வென்றது. 2007 ஜூனில் மதுரை மேற்கு இடைத்தேர்தலில் கூட்டணிக் கட்சியான காங்கிரஸ் வென்றது. அது அ.தி.மு.க. வைத்திருந்த தொகுதி. இரண்டிலும் களப்பணி அழகிரியின் பொறுப்பில் இருந்தது.

2009 ஜனவரி 9 அன்று நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல்தான் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. தி.மு.க. வேட்பாளர் லதா அதியமான் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்த வெற்றியோடு சேர்ந்து ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொற்றொடரும் தமிழக அரசியல் அகராதியில் நுழைந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சி வீடு உட்பட ஒரு வீட்டையும் விடாமல் பணம் சேர்ப்பதை அச்சொல் குறிக்கிறது. காலைச் செய்தித்தாளுக்குள் உறையில் வைத்து ஓட்டுக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டதாக, சென்னையிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் குறிப்பு ஒன்று சொல்லியது. விக்கிலீக்ஸ் கைப்பற்றிய அக்குறிப்பை 2011இல் ‘தி இந்து’ நாளேடு வெளியிட்டது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டதை அழகிரி மறுத்தார்.

பணம் மட்டுமே இடைத்தேர்தலை வெல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆளும் கட்சி நடத்தும் இடைத்தேர்தல் ஒரு தனி வகை. அமைச்சர்கள் ஆளுக்குச் சில ஊராட்சிகளைப் பிரித்துக்கொண்டு முகாமிடுவார்கள். பல ஆண்டுகள் கேட்டுக் கிடைக்காத சாலை இரண்டு வாரத்தில் போடப்படும். பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் கட்சிக்காரர்கள் வந்து பூத் வாரியாகப் பொறுப்பேற்பார்கள். இத்தனை பேரையும் ஒரே இடத்திலிருந்து விரட்டி வேலை வாங்க ஒரு ஆள் வேண்டும். அழகிரி அந்த ஆளாக இருந்தார். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஒரு மாநிலத்தின் ஆற்றலையெல்லாம் ஒரே தொகுதியில் குவித்துப் பெற்ற வெற்றியை, 234 தொகுதிகளிலும் ஒரே நாளில் நடக்கும் தேர்தலில் பெற முடியாது. இந்த வேறுபாட்டை அன்று கட்சியில் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

திருமங்கலம் வெற்றிக்குப் பரிசாக அதே மாதம் தென்மண்டல அமைப்புச் செயலாளர் பதவி வந்தது. அவருக்காகவே உருவாக்கப்பட்ட பதவி அது. தென் மாவட்டச் செயலாளர்கள் அனைவரும் அவருக்குக் கீழே வந்தனர். மே மாதம் மதுரை மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டார். வாழ்வில் அவர் நின்ற முதல் தேர்தல் அதுவே. அப்போது வயது 58. அங்கு இருமுறை வென்றிருந்த, எளிமைக்குப் பெயர்பெற்ற மார்க்சிஸ்ட் உறுப்பினர் பொ. மோகனை 1,40,985 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். மே 28 அன்று மத்திய அமைச்சரானார். மறுநாள் சென்னையில் ஸ்டாலின் துணை முதலமைச்சரானார். இரண்டும் அடுத்தடுத்த நாளில் நடந்ததில் தற்செயல் எதுவும் இல்லை. தந்தை நிறுத்த முயன்ற தராசு அது.

தில்லியில்

தராசின் தில்லித் தட்டு சரியாக அமையவில்லை. மக்களவையில் அமைச்சர்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நடைமுறை. தமிழில் பதில் சொல்ல அழகிரி அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. இந்தி எதிர்ப்பில் பிறந்த கட்சியின் அமைச்சர் நாடாளுமன்றத்தில் தமிழில் பேச முடியாமல் நின்றது உண்மையிலேயே பெரிய கேள்வி. அதை ஒரு போராட்டமாக அவரோ கட்சியோ எடுத்துச் சென்றிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. அவர் அவைக்கு வருவது குறைந்தது, இணையமைச்சர் ஸ்ரீகாந்த் ஜெனா பதில் சொல்வது வழக்கமானது.

உரத்துறையில் அவர் காலத்தில் வந்த முக்கிய மாற்றம் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இத்திட்டப்படி, தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவுக்கு ஏற்ப அரசு மானியம் கொடுக்கும். விற்பனை விலையை நிறுவனங்களே முடிவுசெய்யும். யூரியா மட்டும் பழைய விலைக்கட்டுப்பாட்டிலேயே இருந்தது. டி.ஏ.பி., பொட்டாஷ் விலைகள் பின்னர் கடுமையாக உயர்ந்தன. விவசாயிகள் யூரியாவையே அள்ளிப் போடத் தொடங்கினார்கள். மேலூர் பக்கத்து நெல் வயல் வரை தாக்கம் வந்த முடிவு இது. ஆனால் மதுரையில் அழகிரியைப் பற்றிய எந்தப் பேச்சிலும் உரம் வந்ததாக நினைவில்லை.

2011

2011 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் மதுரையைத் தனிக்கவனத்தில் வைத்தது. உ. சகாயம் மாவட்ட ஆட்சியராகவும், அஸ்ரா கர்க் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராகவும் வந்தனர். வாகனச் சோதனை இரவு பகலாக நடந்தது. சுவரொட்டிகளும் பிளக்ஸ் தட்டிகளும் மறைந்து, ஊர்ச் சுவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு சுவர்களாகத் தெரிந்தன. ஏப்ரல் தொடக்கத்தில், அழகர்மலைக்குக் கிழக்கே மேலூரை அடுத்த அம்பலகாரன்பட்டி வல்லடிகாரர் கோயிலில் அழகிரி ஊர்ப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்ததைத் தேர்தல் அதிகாரிகள் வீடியோ எடுத்தனர். அங்கு வட்டாட்சியர் தாக்கப்பட்டதாக அழகிரி உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது.

முடிவு வந்தபோது மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி வென்றிருந்தது. திருமங்கலமும் அதில் ஒன்று. ஃபார்முலா பிறந்த ஊரிலேயே அது இரண்டரை ஆண்டுகூடத் தாங்கவில்லை.

ஆட்சி போனதும் வாசலும் மாறியது. அவருக்கு நெருக்கமானவர்கள் நில அபகரிப்பு வழக்குகளில் கைதாயினர். மேலூர் வட்டார கிரானைட் குவாரி முறைகேடு வழக்குகளில், 2012இல் அவர் மகன் துரை தயாநிதி மீதும் குற்றம் சாட்டப்பட்டது. காவல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் முடித்துக்கொடுக்க முடியாத தலைவரின் வீட்டு முன் கூட்டம் நிற்பதற்குக் காரணம் இல்லை. மதுரையின் பகுதிச் செயலாளர்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்குச் சென்று வரத் தொடங்கினர்.

நீக்கம்

தந்தையைத் தவிர வேறு யாரையும் தலைவராக ஏற்க மாட்டேன் என்று அழகிரி வெளிப்படையாகவே சொல்லிவந்தார். 2013 ஜனவரியில், தமக்குப் பின் ஸ்டாலின் என்பதைக் கருணாநிதி பொது நிகழ்ச்சியில் ஏறக்குறையத் தெளிவாக்கினார். அதே ஆண்டு மார்ச்சில் இலங்கைப் பிரச்சினையில் தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியபோது, மற்ற அமைச்சர்களோடு சேராமல் அழகிரியும் நெப்போலியனும் தனியாகச் சென்று பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். விரிசலை ஊரே பார்த்தது.

2014 ஜனவரி தொடக்கத்தில், கட்சித் தலைமையைச் சீண்டும் சுவரொட்டிகள் மதுரையில் ஒட்டப்பட்டதை அடுத்து, மதுரை மாநகர் தி.மு.க. அமைப்பைத் தலைமை கலைத்தது. தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் தே.மு.தி.க.வுடன் கூட்டணி பேசுவதை அழகிரி எதிர்த்தார். ஜனவரி 24 அன்று தற்காலிகமாக நீக்கப்பட்டார். நான்கு நாள் கழித்துக் கருணாநிதி செய்தியாளர்களிடம், ஸ்டாலின் சில மாதங்களில் இறந்துவிடுவார் என்று அழகிரி தம்மிடம் சொன்னதாகவும், எந்தத் தகப்பனும் அதைத் தாங்க முடியாது என்றும் வருந்தினார். அழகிரி அதை மறுத்தார். மார்ச் 25 அன்று நிரந்தர நீக்கம் அறிவிக்கப்பட்டது.

அந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. ஒரு இடத்திலும் வெல்லவில்லை. 2001ஐப் போல இதை அழகிரியின் கணக்கில் எழுத அவர் தரப்பு முயன்றது. ஆனால் தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37ஐ அ.தி.மு.க. வென்ற தேர்தல் அது. அழகிரியின் பெயரே கேள்விப்படாத வட மாவட்டங்களிலும் தி.மு.க. அதே அளவுக்குத் தோற்றது. கெடுக்கும் சக்தியைக்கூடத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாமல் போனதுதான் அவருக்கு நேர்ந்த உண்மையான இழப்பு. தா. கிருட்டிணன் கொலை வழக்கையும் தினகரன் எரிப்பையும் கடந்து வந்தவரை, ஒரு பேரலைத் தேர்தல் வெறும் பார்வையாளராக்கிவிட்டது.

பிறகு

2018 ஆகஸ்ட் 7 அன்று கருணாநிதி காலமானார். ஆறு நாள் கழித்து மெரினாவில் தந்தையின் நினைவிடத்தில், உண்மையான தொண்டர்கள் தம் பக்கம் இருப்பதாக அழகிரி சொன்னார். ஆகஸ்ட் 28 அன்று ஸ்டாலின் கட்சித் தலைவரானார். அதன் பிறகு, கட்சியில் சேர்த்துக்கொண்டால் ஸ்டாலினைத் தலைவராக ஏற்கத் தயார் என்றார். பதில் வரவில்லை. செப்டம்பர் 5 அன்று சென்னையில் அமைதிப் பேரணி நடத்தினார். ஒரு லட்சம் பேர் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. வந்தவர்கள் அதில் சிறு பகுதியே. குறிப்பிடத்தக்க தி.மு.க. நிர்வாகி எவரும் அதில் இல்லை.

மதுரையில் கட்சி அவர் இல்லாமலே தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டது. 2016இல் மாவட்டத்தில் தி.மு.க. இரண்டு தொகுதிகளை வென்றது. அதில் மதுரை மத்தியில் வென்றவர், 2001இல் தோற்ற பழனிவேல் ராஜனின் மகன் பழனிவேல் தியாகராஜன். 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் சு. வெங்கடேசன் மதுரையில் வென்றார். பொ. மோகன் இழந்த இடம் மீண்டும் அதே கட்சிக்குப் போனது.

2021 ஜனவரி 3 அன்று மதுரையில் ஆதரவாளர் கூட்டம் நடத்திய அழகிரி, ஸ்டாலின் ஒருபோதும் முதலமைச்சராக முடியாது என்றார். மே 7 அன்று ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அழகிரி வாழ்த்துத் தெரிவித்தார்; அவர் மகனும் மகளும் விழாவுக்குச் சென்றனர். அழகிரி காலத்தில் மதுரை மாநகர் மாவட்டச் செயலாளராக இருந்த கோ. தளபதி, அதே தேர்தலில் மதுரை வடக்கிலிருந்து தி.மு.க. உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குச் சென்றார்.

2023 பொங்கலையொட்டி அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வந்த அமைச்சர் உதயநிதி ஸ்டாலின், மதுரையில் பெரியப்பாவின் வீட்டுக்குச் சென்று ஆசி பெற்றார். வாசலில் வந்து நின்று வரவேற்றார் அழகிரி. அம்பலகாரன்பட்டி கோயில் வழக்கில் 2025 பிப்ரவரியில் மதுரை நீதிமன்றம் அவரை விடுவித்தது.